அந்தக் காலத்து நியாயம்

இயர்பட்ஸைப் போனோடு இணைக்கும்போது தெரியும் அந்த நீல முத்திரை, இரண்டு ரூன் எழுத்துகளின் சேர்க்கை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் ப்ளூடூத்தின் முதலெழுத்துகள். 1997இல் அந்தப் பெயரைப் பரிந்துரைத்த பொறியாளர் ஜிம் கார்டாக், அப்போது ஒரு வைக்கிங் சாகச நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஃப்ரான்ஸ் பெங்ட்சன் 1941லும் 1945லும் இரு பாகங்களாக வெளியிட்ட நாவல் அது. ஆங்கிலத்தில் 'தி லாங் ஷிப்ஸ்'.

நம்ம தொழில்காரர் படித்த புத்தகமாச்சே என்றுதான் நானும் எடுத்தேன். கீழே வைக்க முடியவில்லை. கப்பல் கரை ஒதுங்குகிறது, கோட்டை சூறையாடப்படுகிறது, வெள்ளி பங்கு பிரிக்கப்படுகிறது. நான் சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டுகிறேன். அடுத்த கொள்ளைக்காக மனம் காத்திருக்கிறது. இந்த மகிழ்ச்சி சரிதானா?

இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: "அது அந்தக் காலத்து நியாயம். இன்றைய அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது." பார்க்க நிதானமான பதில். ஆனால் அந்தக் காலம் என்றால் யாருடைய காலம்? 793இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைத் தாக்கியபோது, அறிஞர் அல்குவின் துயரமும் அதிர்ச்சியுமாகக் கடிதங்கள் எழுதினார். அவரும் அதே நூற்றாண்டுக்காரர்தான். கப்பலில் வந்தவனுக்கு மட்டுமல்ல, கரையில் நின்றவனுக்கும் அது சொந்தக் காலம். 'காலத்தின் நியாயம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் கப்பலில் இருந்தவனின் நியாயத்தைத்தான்.

இதைக் கரையில் இருந்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட லாக்ஸ்டேலா சாகாவில் ஹாஸ்குல்ட் என்ற பண்ணை முதலாளி சந்தைக்குப் போகிறான். திரைக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள் விற்பனைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு மார்க் வெள்ளி. ஓரத்தில் இருப்பவளுக்கு மூன்று. கூடவே வியாபாரி ஒரு குறையையும் சொல்லிவிடுகிறான்: அவள் ஊமை. ஹாஸ்குல்ட் வாங்கிவிடுகிறான்.

அவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவனுக்கு இரண்டு வயதாகும்போது, ஒரு காலையில் ஓடைக்கரைப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டு ஹாஸ்குல்ட் போய்ப் பார்க்கிறான். அவள் மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் தெரிகிறது: பெயர் மெல்கோர்கா, அயர்லாந்து அரசனின் மகள், பதினைந்து வயதில் போரில் பிடிக்கப்பட்டவள்.

சாகா அழுவதில்லை. அடிமை முறையைக் கண்டிப்பதும் இல்லை. விலையைச் சொல்கிறது, மௌனத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் மூன்று மார்க் கொடுத்தவனுக்கு அவளுடைய பேச்சு கிடைக்கவில்லை என்பதைக் கவனமாகக் குறித்து வைக்கிறது. அடிமைகளை வாங்கியவர்களின் வழிவந்த சமூகத்தின் கதைசொல்லிக்கே இது தெரிந்திருக்கிறது. அப்புறம் நமக்கு என்ன சாக்கு?

மரபணு ஆய்வுகளும் இதே பக்கம் கைகாட்டுகின்றன. ஐஸ்லாந்தில் முதலில் குடியேறியவர்களின் ஆண்வழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாவுடையது. பெண்வழியில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தது. எல்லோரும் அடிமைகளாக வந்தவர்கள் அல்ல. ஆனால் மெல்கோர்காக்கள் கொஞ்சம் பேரும் அல்ல.

அப்படியானால் சாகச நாவல் போதிக்க வேண்டுமா? வேண்டாம். இப்போதெல்லாம் பல வைக்கிங் கதைகளில் நாயகன் மட்டும் நம்மைப் போலவே யோசிக்கிறான். அடிமைகளிடம் இரக்கம், பெண்களிடம் மரியாதை. கொலைகளைச் செய்வதெல்லாம் பக்கத்துப் படகுக்காரன். நாம் கூச்சமில்லாமல் ஏறி உட்காருவதற்காகக் கப்பலைக் கழுவிவிட்டுக் கொடுக்கும் வேலை இது. அந்தப் பழைய பதிலை விட இது மோசம்.

பெங்ட்சன் அப்படிச் செய்வதில்லை. அவருடைய ஓர்ம் மனம் திருந்துவதில்லை. ஆனால் ஸ்பெயின் கொள்ளை முடிந்து திரும்பும்போது பிடிபட்டு, அந்தலூசிய முஸ்லிம்களின் கப்பலில் துடுப்பு இழுக்கும் அடிமையாகிறான். இடப்பக்கத் துடுப்பை வருடக்கணக்கில் இழுத்து இடதுகைக்காரனாகவே மாறிவிடுகிறான். அதற்குப் பிறகு வரும் சண்டைகளில் எல்லாம் வாள் அவன் இடக்கையில்தான். நாம் ரசிக்கும் வீரத்துக்குள்ளேயே அந்தச் சங்கிலி இருக்கிறது.

சாகசத்தை ரசிப்பது குற்றமில்லை என்றே நினைக்கிறேன். கடலும் ஆபத்தும் யாரைத்தான் இழுக்காது? குற்றம், கரையில் நிற்பவர்கள் பேசத் தெரியாதவர்கள் என்று நம்பத் தொடங்குவது. வியாபாரி சொன்னதை ஹாஸ்குல்டும் அப்படித்தான் நம்பினான்.