குழவியாடலும் அடுக்களைத் துணையும்

இரண்டு மூன்று வயதுக் குழவியொன்று சிரட்டையில் மணலை அள்ளி, "அம்மா, சோறு, சாப்பிடுங்கோ" என்று நீட்டுகின்றது. தாயும் அதனை வாயருகே கொண்டுபோய், "நல்ல ருசி" என்கின்றாள். வாய்மையைத் தலையாய அறமென்று பிள்ளைகட்குப் போதிக்கும் ஆசிரியராகிய நாம் இவ்விருவரையும் பொய்யரென்போமா? என்னோம். பொய்யாவது பிறரை மயக்குங் கருத்தோடு சொல்லப்படுவது. மணல் மணலே என்பதைக் குழவி நன்கறியும். தாய் மெய்யாகவே அதனை வாயிலிடப் புகின் கையைத் தட்டித் தடுத்தலுஞ் செய்யும். மயக்கப்பட்டார் ஒருவரும் இல்லாதவிடத்துப் பொய் ஏது?

நம் முன்னோர் இவ்வாடலை இழிவாக எண்ணிற்றிலர். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே, சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதையாதிருக்க வேண்டுதற்கென்றே ஒரு பருவம் வகுத்தனர். சேய்ஞலூர் விசாரசருமர் மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்துப் பாலாட்டியதும் விளையாட்டாகத் தொடங்கியதே. அங்கே மணலையும் வீணான பாலையும் மாத்திரமே கண்ட தந்தை எச்சதத்தன் அடைந்த முடிவை ஆசிரியர்கட்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, அக்குழவியே விளையாட்டை விட்டு அடுக்களையினுள் வந்து, "நானும் செய்யிறன்" என்று நிற்குமிடத்தே வினா கடினமாகின்றது. வேலை தாமதப்படுமென்று துரத்துவோர் பலர். அவரினும் நயமுடையாளாகத் தோன்றும் தாயொருத்தி முருங்கையிலையை உருவக் கொடுப்பாள். பிள்ளை உருவியதைக் கோடியிற் கொட்டிவிட்டுத் தானே வேறு உருவிச் சமைப்பாள். பின்னர், "இது பிள்ளை வைத்த கறி" என்று புகழ்வாள். துரத்தியவளிடத்திற் பொறுமையின்மை ஒன்றே குற்றம். இவளிடத்திலோ மயக்குங் கருத்து உண்டு. மயக்கப்படும் உயிரும் உண்டு. இதனையே நாம் பொய்யென்போம்.

எமது வன்னிநாட்டு வழிவழிக் கதையொன்று இங்கு நினைக்கத் தக்கது. நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவரிடம் ஒரு மூதாட்டி பசியோடு வந்தனள். அவர்கள் இலைகுழைகளாற் கொட்டிலமைத்துப் புக்கை சமைத்துக் கொடுத்தனர். இருள் சூழ்ந்தது, விளக்கிற்கு எண்ணெயில்லை. கடல்நீரை வார்த்துத் திரியிடுமாறு அவள் பணிக்க, அவ்வாறே செய்தனர், விளக்கும் எரிந்தது. அவளே வற்றாப்பளைக் கண்ணகையம்மன். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கெரித்தல் வழக்கம். அம்மூதாட்டி உண்பதுபோல நடித்தாளென்று கதை கூறவில்லை. சிறுவர் சமைத்ததை உண்டாள். அவர்கள் ஆண்பிள்ளைகளென்பதையும், மகனை மாத்திரம் அடுப்படியினின்று விலக்கும் பெற்றோர் கருதுவாராக.

அடுக்களையே இல்லாத காலமும் இந்நிலத்தில் இருந்தது. 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், பொதுச் சமையலில் ஆக்கிய உணவை வரிசையில் நின்று பெற்ற நாள்களில், தாய்க்கே அடுப்பில்லை. குழவி எதற்கு உதவும்? முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயாம். இன்று வீடும் அடுப்பும் உடையோர் தம் பிள்ளையை வாசலில் நிறுத்துதல் எமக்கு விளங்காத செயல்.

நெருப்பும் கத்தியும் அருகிருக்க விடுக என்று நாம் கூறவில்லை. பயற்றங்காய் முறித்தல், கழுவிய கோப்பையை எடுத்து வைத்தல், சுளகிலிட்ட பருப்பிற் கல் பொறுக்கல் ஆகியவை சிறு கைகட்குப் போதும். முறித்த காய் ஒன்று நீளமும் ஒன்று குறுக்குமாயிருக்கும், அவ்வாறே சட்டியிலிடுக. கல்லொன்று தப்பியிருப்பின் தாய் பிள்ளையின் கண்முன்னே மீளப் பார்க்கலாம். மறைவிற் பார்த்தல் வேண்டா.

பாலர் வகுப்பிலும் இதுவே முறை. சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துவர ஒரு சிறுவனை ஏவினால், அவன் கொணர்ந்த கட்டியாலேயே எழுதுக. வழியிற் சிதறியிருப்பின், பொறுக்குதற்கும் அவனையே அழைக்கலாம்; பெரும்பாலும் அதற்கும் அவன் மகிழ்ந்தே வருவான்.