கூட்டாளியின் பங்கு

 

இருவர் சரிபாதியாக வாங்கிய கடையில் ஒருவர் மவுத்தானால், மற்றவர் வாடகை முழுவதையும் வாங்கலாமா? ஆகாது. கபன் செலவு, கடன், வசிய்யத் போக, மய்யித்தின் பாதி அன்றே வாரிசுகளுடையது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமெனில் கடையை 48 பங்காக்குவோம்: கூட்டாளிக்கு 24, மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. வாடகையும் அப்படியே பிரியும். மகளின் 7-ஐக் கலியாணச் சீரில் கழிப்பது நம்மவர் வழக்கம், அதுவும் ஆகாது.

பெயர் மாற்ற வருடக்கணக்கில் சுணங்குகிறோம். அதற்குள் எத்தீமின் காசு நம் கல்லாவில் கலந்துவிடுகிறது! அது வயிற்றில் நெருப்பென்று சூரா நிஸா எச்சரிக்கிறது.

தீபகற்ப மலேசியாவில், வசிய்யத் எழுதாத மய்யித்தின் மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு (2024 முதல் இவ்வரம்பு) மேற்படாவிடில் நில ஆபீசிலேயே மனுச் செய்யலாம். மவுத்துச் சர்டிபிகேட்டும் கிராண்டு நகலும் எடுத்துக்கொண்டு அந்தத் தாயை நாமே அழைத்துப் போவோம்.