விதிக்குள் ஒரு பொய்

பத்திரிகையிடம் வாசகர் வாங்குவது பிரதியை. விளம்பரதாரர் வாங்குவது வாசகரின் கவனத்தை. பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கவனத்துக்கு அத்தாட்சியாகக் கிடைப்பது விற்பனை எண்ணிக்கை ஒன்றுதான். அதைச் சொல்பவரே அதனால் லாபமும் அடைகிறார். அதனால்தான் 1914-இல் அமெரிக்காவிலும் 1948-இல் இந்தியாவிலும் ஏபிசி என்னும் தணிக்கை அமைப்புகள் தோன்றின. இந்திய ஏபிசியில் பதிப்பாளர், விளம்பரதாரர், விளம்பர நிறுவனங்கள் என எல்லாத் தரப்பினரும் உறுப்பினர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு சரிபார்க்கப்பட்டுச் சான்றிதழ் தரப்படுகிறது.

அப்பட்டமான பொய்க்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. அமெரிக்காவின் ‘நியூஸ்டே’ நாளிதழ் விற்பனையைக் கூட்டிக் காட்டியது 2004-இல் அம்பலமானது. அதன் முன்னாள் ஊழியர்கள் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

2011-இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல் யூரோப்’ நாளிதழின் விவகாரம் எழுப்பியது கடினமான கேள்வி. அடிமாட்டு விலைக்குப் பிரதிகள் நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கப்பட்டு, மாணவர்களுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. அவையும் விற்பனைக் கணக்கில் ஏறின. தணிக்கை விதிகளுக்கு உட்பட்டே நடந்தோம் என்றது வெளியீட்டு நிறுவனம்.

விதி மீறப்படவில்லை என்றால் தவறு எங்கே? இலவசமாக வந்தாலும் மாணவர் படிக்கலாம். நாளை சந்தாதாரராகவும் ஆகலாம். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால், அப்படிப்பட்ட பிரதிக்கும் ஒரு மதிப்பு உண்டென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி விற்கத் தயக்கம் ஏன்? விரும்பிக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள் இத்தனை பேர் என்று நம்பித்தான் விளம்பரதாரர் பணம் தருகிறார். அந்த நம்பிக்கை பிழை என்று தெரிந்தும் மௌனமாக வாங்கிக்கொள்வது, எடைக்கல்லில் அரசு முத்திரையைக் காட்டிவிட்டுத் தராசைச் சாய்ப்பதுதான்.

எல்லோரும் செய்கிறார்களே என்ற சமாதானமும் எடுபடாது. விளம்பரத்துக்கென ஒதுக்கப்படும் பணத்துக்கு வரம்பு உண்டு. ஊதிப் பெருக்கிய கணக்குக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் உள்ளதைச் சொன்ன இதழிடமிருந்து பறிபோன ரூபாய். ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்கும் தொழில் தன் கணக்கை மறைத்தால், கேட்கும் தகுதியையும் இழக்கிறது.

தணிக்கையாளர் எண்ணைச் சரிபார்க்கலாம். நோக்கத்தைச் சரிபார்க்க முடியாது. முழு விலைக்கு விற்றது, தள்ளுபடியில் தந்தது, இலவசமாகக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்வது பதிப்பாளரின் கடமை. விதி கேட்கவில்லை என்பது அதற்கு விலக்கு ஆகாது.