விரும்பி ஏறும் மலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்தில் அமர்ந்துவிட்டால் களைப்பின்றி ஏரிக்கரையில் போய் இறங்கலாம். ஆயினும் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறுவோர் இன்றும் உண்டு. வலிய வரவழைத்துக்கொள்ளும் இந்தத் துன்பத்திற்கு அறத்தின் தராசில் ஏதேனும் எடை உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இளைஞர் சிலருடன் நானும் அவ்வாறு ஏறினேன். ஏற்காட்டில் இளைப்பாறியபின், சேர்வராயன் கோயில்வரை நடந்தோம். ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், மலையுச்சியில் குகைக்குள் அமைந்த கோயில் அது. தலை தாழ்த்தாமல் உள்ளே செல்ல இயலாது. சேர்வராயனையும் காவேரியம்மனையும் அங்கு வழிபடுவோர், மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு விழா எடுக்கிறார்கள்.

உச்சியில் கார்கள் வரிசையாய் நின்றன. எங்களுள் ஓர் இளைஞன், “இவர்கள் வந்தார்கள்; நாம் ஏறினோம்” என்றான். அந்தச் சொல் எனக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சிந்திய வியர்வை அந்த மலையை எங்களுக்கே உரிமையாக்கிவிட்டதுபோல் ஓர் எண்ணம்.

இறங்கும் வழியில் மூதாட்டி ஒருவர் விறகுக்கட்டைத் தலையில் சுமந்து எதிரே வந்தார். “களைப்பாக இல்லையா, அம்மா?” என்று கேட்டேன். “களைச்சுப்போனா அப்பறம் ஆரு கண்ணு தூக்கறது?” என்றார். முன்பு பெருமை பேசிய இளைஞனே அந்தக் கட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். ஒரு மேடு ஏறுவதற்குள் கழுத்து வலித்து இறக்கி வைத்தான். அவர் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி வைக்கச் சொல்லி, வந்த வேகத்திலேயே நடந்து போனார்.

அவனால் இறக்கி வைக்க முடிந்தது, அவரால் முடியாது. எங்கள் துன்பத்திற்கும் அவர் துன்பத்திற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. அந்த மலையின் பழங்கதையும் இதுவே. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். வண்டிச்சாலை இல்லாத அந்நாளில், குளிர்காற்றை நாடிய துரைமார் குதிரையிலும் பல்லக்கிலும் மலையேறினர். பல்லக்கைத் தூக்கியவர்களும் அதே மலையைத்தானே ஏறினார்கள்? அமர்ந்து சென்றவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன; தோள் கொடுத்தவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

1336ஆம் ஆண்டு, இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, உயரத்தைக் காணும் ஆவல் ஒன்றினாலேயே தென்பிரான்சின் வான்தூ மலையில் ஏறினார். உச்சியில் புனித அகுஸ்தீனின் நூலைத் திறந்தவர், மலைகளை வியந்து தம் ஆன்மாவை மறந்தோமே என்று நாணித் தமக்குள் நோக்கினாராம். நல்ல பாடம்தான். ஆனால், தனக்குள் நோக்குவதோடு மட்டும் நின்றுவிட்டால், பாதையில் எதிர்ப்படுபவர் கண்ணில் படாமலே போகக்கூடும்.

சிரேன் ஊரானாகிய சீமோனை நினைத்துப் பார்ப்போம். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த அவர் சிலுவை சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றே நற்செய்தி கூறுகிறது. அவர் விரும்பிச் சுமக்கவில்லை. ஆனால், விரும்பிச் சுமந்தவர் அவருக்கு முன்னே நடந்தார். இறைமகன் ஏற்ற துன்பம் தம் வலிமையைக் காட்டுவதற்கன்று. வேறு வழியின்றிச் சுமப்பவர்களோடு ஒருவராய் நடப்பதற்கே.

ஆகவே, விரும்பி ஏற்கும் துன்பம் வீண் என்று நான் சொல்லவில்லை. மலையேறுபவருக்கும், வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ச் செல்பவருக்கும், தவக்காலத்தில் நோன்பிருப்பவருக்கும் அது தசைகளில் ஓர் அறிவைத் தருகிறது. தாகமும் பாரமும் எத்தகையவை என்பதை ஒரு நாளாவது உடல் அறிகிறது. அந்த அறிவு ஆணவமாக மாறினால் எல்லாம் வெறும் உடற்பயிற்சியே. நாள்தோறும் சுமப்பவரின் கூலியைப் பற்றியும், அவர் ஊருக்கு வராத சாலையைப் பற்றியும் கேட்கும் மனத்தைத் தந்தால், சிந்திய வியர்வைக்குப் பொருள் உண்டு.

அந்த இளைஞன் இப்போது ஏறிய உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இறக்கி வைத்த அந்த விறகுக்கட்டைப் பற்றித்தான் பேசுகிறான். குகை வாசலில் எங்கள் தலை தாழ்ந்தது பாறை தாழ்வாக இருந்ததால். அந்த மூதாட்டியின் முன் அது தானாகவே தாழ்ந்தது.