கல் வாய்க்கால்

“ஆள் எப்படி இருந்தால் என்ன? பணி நடக்கிறதா, இல்லையா?” பங்குப் பேரவைகளில் இக்குரல் நமக்குப் புதிதன்று. திருச்சபையின் வரலாறே இதற்குத் துணைநிற்பது போலவும் தோன்றும்.

303-இல் பேரரசன் தியோக்கிளேசியன் தொடங்கிய வேதகலாபனையில், வட ஆப்பிரிக்கக் குருக்கள் சிலர் உயிருக்கு அஞ்சித் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். கலாபனை ஓய்ந்தபின், அத்தகையோர் வழங்கும் திருவருட்சாதனங்கள் செல்லா என்று வாதிட்டுப் பிரிந்தவர்கள் தொனாத்தியர். கறைபட்ட கையிலிருந்து தூய்மை எப்படி வரும் என்ற அவர்களது கேள்வி, கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. எனினும் 314-இல் கூடிய ஆர்ல் சங்கம் அவர்கள் பக்கம் சாயவில்லை. 411-இல் கார்த்தேஜ் மாநாட்டில் அவர்களோடு வாதிட்ட புனித அகுஸ்தினாரின் விடை நாம் அறிந்ததே: திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்து, பணியாளர் வாய்க்கால் மட்டுமே, கல் வாய்க்காலில் ஓடும் நீரும் தோட்டத்தைச் செழிக்கச் செய்யும்.

இவ்வுவமையின் மறுபாதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தோட்டம் விளையும், கல்லில் எதுவும் விளையாது. இதையும் அவர் சேர்த்தே சொன்னார். இப்போதனை பெறுபவருக்கு உரிய ஆறுதல். குருவானவரின் உள்ளத்தை ஆராய்ந்தறிய இயலாத ஓர் ஏழைத் தாய், தன் குழந்தை பெற்ற திருமுழுக்கைப் பற்றி ஐயுற வேண்டியதில்லை. கொடுப்பவருக்கு இது தந்த சலுகை அன்று. மேலும், திருவருட்சாதனங்களுக்குப் பொருந்துவது எல்லாப் பணிகளுக்கும் அப்படியே பொருந்தாது. ஆறுதல் கூறுவதிலும் ஆன்ம வழிகாட்டுவதிலும் நம்மை நம்பி ஒருவர் தம் உள்ளத்தைத் திறக்கிறார். அங்கே நாம் வெறும் கல்லாக இருக்க முடியாது.

ழான் வானியேயை நம்மில் பலர் போற்றிப் படித்திருக்கிறோம். 1964-இல் பிரான்சில் அறிவுத்திறன் குறைபாடுடையோருடன் ஒரே வீட்டில் வாழத் தொடங்கி, ‘லார்ஷ்’ இல்லங்களை நிறுவியவர் அவர். இந்தியாவில் அவை ‘ஆஷா நிகேதன்’ எனப் பெயர் பெற்றன. 2019-இல் அவர் இறந்தபோது, வாழ்ந்த புனிதர் என்றே பலரும் புகழ்ந்தனர். மறு ஆண்டே, ஆன்ம வழிகாட்டுதல் என்ற போர்வையில் அவர் ஆறு பெண்களைத் தம் இச்சைக்கு உட்படுத்தினார் என்று விசாரணை அறிக்கை கூறியது. 2023-இல் வந்த விரிவான ஆய்வு அந்த எண்ணிக்கை இருபத்தைந்துக்குக் குறையாது என்றது.

அவர் செய்த நன்மை பொய்யா? இல்லை. கைவிடப்பட்டோருக்கு அந்த இல்லங்களில் கிடைத்த உணவும் மதிப்பும் உண்மையானவை. ஆனால் நன்மையை ஒரு தட்டிலும் தீமையை மறு தட்டிலும் இட்டு நிறுத்துப் பார்ப்பது தவறு என்பேன். அப்பெண்கள் அவரிடம் சென்றதே அவரது பணியைக் கண்டுதான். பணி ஈட்டித் தந்த நம்பிக்கையே அவர்களை வீழ்த்தும் கருவியாயிற்று. பயன் பெருகப் பெருகத் தீங்கிழைக்கும் ஆற்றலும் பெருகியது.

திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுலடியார் ஒரு பெரிய வீட்டின் பாத்திரங்களைப் பற்றிப் பேசுகிறார். தன்னைத் தூய்மையாக்கிக் கொண்டவர் தலைவருக்குப் பயன்படும் பாத்திரம் ஆகிறார். இங்கே தூய்மை என்பது தீட்டுக்கு அஞ்சி ஒதுங்குவதன்று. அப்படியாயின் தொழுநோயாளரைத் தொட்ட இயேசுவை என்னென்பது? பாத்திரம் தலைவருக்கு உரியது. அதில் ஊற்றியதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள அதற்கு உரிமையில்லை. நம் ஊரில் ‘கை சுத்தம்’ என்றால் காசு விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பாராட்டு, செல்வாக்கு, பிறர் கண்ணீரோடு நம்மிடம் ஒப்படைத்த நம்பிக்கை ஆகியவற்றுக்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை.

ஒன்றைக் குறிப்பிடாமல் விடலாகாது. அந்த விசாரணைக்கு ஏற்பாடு செய்ததும் முடிவை உலகறிய வெளியிட்டதும் லார்ஷ் அமைப்பே. ‘பணியின் நற்பெயர் கெடும்’ என்று அது மூடி மறைக்கவில்லை. கனடாவில் அவர் பெயரைத் தாங்கியிருந்த கத்தோலிக்கப் பள்ளிகள் சில பெயரை மாற்றிக்கொண்டன. இல்லங்களின் பணி தொடர்கிறது.