கழுத்தைத் திருப்பாத பேட்மேன்

டிம் பர்ட்டன் இயக்கி 1989-இல் வந்த ‘பேட்மேன்’ படத்தில், முகமூடி அணிந்திருக்கும்போது மைக்கேல் கீட்டன் தலையை மட்டும் தனியாகத் திருப்ப மாட்டார். பக்கத்தில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் தோளும் மார்பும் இடுப்பும் சேர்ந்து திரும்பும். பாப் ரிங்வுட் வடிவமைத்த அந்த ரப்பர் உடையில் கழுத்தை அசைக்க இடமே கிடையாது. கீட்டன் அதைக் குறையாக விட்டுவிடவில்லை, பாத்திரத்தின் உடல்மொழியாகவே ஆக்கிக்கொண்டார். அவசரமே இல்லாதவன்போல, முழு உடம்போடு ஒருவரை எதிர்கொள்கிற மனிதன் அப்படித்தான் உருவானான்.

அந்தப் பேட்மேனின் ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்று என் மேசையில் நிற்கிறது. பின்னாளில் செய்யப்பட்டது என்பதால் கழுத்தில் பந்து மூட்டு உண்டு, எந்தப் பக்கமும் சுழலும். நான் சுழற்றுவதில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கவைக்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்துத்தான் திருப்புவேன். படத்தில் அவர் அப்படித்தான் நின்றார்.

இந்த வயதில் பொம்மை எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. சின்ன வயது ஞாபகம் என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்குத் திருப்தியாகிவிடும். ஆனால் அது உண்மையான பதில் இல்லை. ஒரு மனிதன் எப்படி நின்றான், எப்படித் திரும்பினான் என்று கவனித்துப் பார்க்க இந்தப் பொம்மைகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. சினிமா ஓடிப்போய்விடும். பொம்மையோ நாம் நிறுத்துகிறபடி நிற்கும். சரியாக நிறுத்த வேண்டுமென்றால் படத்திடம் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

ரிச்சர்ட் டானரின் ‘சூப்பர்மேன்’ (1978) படத்துக்கு நான் அப்படித்தான் திரும்பத் திரும்பப் போனேன். படம் வெளிவந்தபோது, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவுக்கு 26 வயது. உடைக்குள் பஞ்சு வைத்துத் தசை காட்ட மறுத்து, டேவிட் ப்ரௌஸிடம் பயிற்சி எடுத்து உடம்பை வளர்த்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் உடைக்குள் இருந்தவர்தான் அந்த ப்ரௌஸ். ரீவ் கிளைடர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். கம்பியில் தொங்கியபடி நடித்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. ரீவின் சூப்பர்மேன் பொம்மையை ஸ்டாண்டில் மாட்டி இரண்டு கைமுட்டிகளையும் முன்னால் நீட்டிவிட்டால் எறிந்த ஈட்டிபோல விறைப்பாகத் தெரியும். ரீவ் பறப்பதைப் பாருங்கள். திரும்பும்போது ஒரு தோள் தாழும், உடல் முழுதும் காற்றின்மேல் சாயும். பொம்மையின் மார்பு மூட்டைச் சற்றே சாய்த்து, இடது தோளை இறக்கி வைத்தால் போதும், அது பறக்கத் தொடங்கிவிடும்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். சீல் உடையாத பொம்மைக்கு மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களே அமெரிக்காவில் இருக்கின்றன. அவர்களுடைய ஆசை புரிகிறது; காலம் தொடாத ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்ற ஆசை. ஆனால் காலம் பெட்டிக்குள்ளும் வந்துவிடுகிறது. பிவிசி பிளாஸ்டிக் வளைந்துகொடுக்க அதில் சேர்க்கும் வேதிப்பொருள் நாளடைவில் மேலே கசியும். காற்றுப் போக வழியில்லாத பெட்டியில் அது பொம்மையின் மேலேயே பிசுபிசுப்பாகப் படியும். வெளிச்சம் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். ரெக்சின் மாதிரியான செயற்கைத் தோலை ஈரக்காற்று உள்ளிருந்தே அரித்து, செதில் செதிலாக உதிரவைக்கும். சென்னைப் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தொட்டாலும் தேயும், தொடாவிட்டாலும் தேயும் என்றான பிறகு, தொட்டுப் பழகிய பொம்மையே எனக்கு வேண்டியது. மேலும், மூட்டுகள் வைத்துச் செய்த பொருளை அசைக்காமலே வைத்திருப்பது அதைச் செய்தவரின் உழைப்பில் பாதியை வாங்காமல் விட்டதற்குச் சமம்.

எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கும் எனக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. எத்தனை பொம்மைகளின் நிற்கும் விதத்தை மனதில் வைத்துக்கொள்ள முடியுமோ அத்தனை. எனக்கு ஒரு தட்டு போதும்.

அந்தத் தட்டைப் பார்க்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. 1978 படத்துக்காக மீகோ நிறுவனம் 12 அங்குல அளவில் சூப்பர்மேன், ஜோர்-எல், லெக்ஸ் லூதர், ஜெனரல் ஸாட் என்று பொம்மைகள் செய்தது. கதாநாயகி லோயிஸ் லேனைச் செய்யவில்லை. 1989 படத்துக்கு டாய் பிஸ் செய்தவை பேட்மேன், ஜோக்கர், ஜோக்கரின் அடியாள் பாப். படத்தில் ஜோக்கர் கையாலேயே சுடப்பட்டுச் சாகிற அடியாளுக்குப் பொம்மை இருந்தது, கதாநாயகி விக்கி வேலுக்கு இல்லை. பெண் பொம்மையைப் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்பது அந்தக் காலத்துப் பொம்மைத் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கால் கதையின் நடுப்பகுதியே அலமாரியிலிருந்து காணாமல் போனது. ரீவின் சூப்பர்மேன் அவ்வளவு மென்மையாகச் சிரிப்பது லோயிஸைப் பார்த்துத்தான். அவள் இல்லாமல் அந்தச் சிரிப்பு எங்கே போய்ச் சேரும்?

1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து ரீவின் கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மூச்சு விடவும் இயந்திரம் தேவைப்பட்டது. 2004-இல் இறக்கும்வரை தண்டுவட ஆராய்ச்சிக்காகப் பேசினார், நிதி திரட்டினார், படம்கூட இயக்கினார். 2000-ஆம் ஆண்டில் அவரால் இடது கை ஆள்காட்டி விரலை அசைக்க முடிந்தது. மருத்துவர்கள் எதிர்பார்க்காத அசைவு அது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பொம்மையின் விரல்களை விளையாட்டாக மடக்க எனக்கு மனம் வருவதில்லை. தோளை இறக்கும்போதும் மார்பைச் சாய்க்கும்போதும், இந்த அசைவுகள் ஒருவருடைய உடம்பு உழைத்துக் கண்டுபிடித்தவை என்ற நினைப்பு கூடவே வருகிறது. அந்த உடம்பு அவரைக் கைவிட்டது. அது கண்டுபிடித்தது மட்டும் 30 சென்டிமீட்டர் உயரத்தில் என் முன்னால் நிற்கிறது.

அடுத்து நான் தேடிக்கொண்டிருப்பது ரீவின் கிளார்க் கென்ட், சூப்பர்மேன் சாதாரண மனிதனாக நடமாடும் வேடம். லோயிஸின் வீட்டில் அவள் உள்ளே போன இடைவெளியில் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுவார். முதுகு நிமிரும், தோள் விரியும், குரல் இறங்கும். உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைக்கும்போதே துணிவு குறைந்து, கண்ணாடி மறுபடி முகத்தில் ஏறும், உயரமே குறைந்ததுபோல உடம்பு சுருங்கும். ஒப்பனையும் தந்திரக் காட்சியும் இல்லாமல் ஒரே ஷாட்டில் இரண்டு மனிதர்கள். நிமிர்ந்து நிற்கும் பொம்மைகள் நிறையக் கிடைக்கின்றன. கூனி நிற்க, தோள் மூட்டு முன்பக்கமாக மடங்க வேண்டும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே தனி மூட்டு வேண்டும், கோட்டுத் துணி அதைத் தடுக்காத அளவு மெலிதாக இருக்க வேண்டும். முகம் எவ்வளவு அச்சாக இருந்தாலும் முதலில் நான் பார்ப்பது அந்தத் தோள் மூட்டைத்தான்.