நீலத்துக்கும் துடக்கு உண்டோ?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றபோது, பக்கத்தில் நின்ற தங்கச்சி முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். "அவுரி நீலம் அண்ணை. கெமிக்கல் துளியும் இல்லை. கோயிலுக்கு இப்பிடிச் சுத்தமாய்த்தான் உடுக்க வேணும்."

நல்ல சேலைதான். 'சுத்தம்' என்ற சொல்தான் உறுத்தியது.

அவுரி இலையில் நீலமே கிடையாது. நிறமில்லாத ஒரு பொருள்தான் இருக்கிறது. இலையை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்த நீரை அடித்துக் கலக்கினால், காற்றுப் பட்டு நீலம் பிறந்து அடியில் படிகிறது. படிந்தது நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் திரும்பவும் புளிக்கவைத்து, அதன் நிறத்தைப் பறித்த பிறகுதான் கரையும். தகரை விதைக்குப் பதில் நம் பனங்கட்டியைப் போட்டாலும் வேலை நடக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். முக்கி எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். விரித்துப் பிடித்தால் கண்ணெதிரே நீலமாகும். மந்திரமல்ல, ஒட்சிசன். தொடக்கம் முதல் முடிவு வரை இரசாயனமான ஒரு வேலையைத்தான் 'கெமிக்கல் இல்லை' என்று சொல்லி விற்கிறோம். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 1897இல் ஆலையில் செய்து சந்தைக்கு அனுப்பிய நீலமும் இதே மூலக்கூறுதான். செடி நீலத்தை வாங்கி, ஹைட்ரோஸ் என்ற ஆலை இரசாயனத்தைப் போட்டுக் கரைக்கும் பட்டறைகளும் இன்று உண்டு. அதற்கும் 'இயற்கை' என்றே சீட்டு ஒட்டலாம்.

ஆலைக் கழிவு ஆற்றைக் கெடுக்கிறது என்றால் அது நியாயமான பேச்சு; அளந்து பார்க்கலாம், வழக்குப் போடலாம். 'சுத்தம்' என்பது அளக்கிற சொல் அல்ல. வேடிக்கை என்னவென்றால், அவள் சுத்தம் என்று உடுத்திய நீலத்தை மனு, பிராமணன் விற்கக் கூடாத பொருள்களில் கள்ளோடும் அரக்கோடும் சேர்த்துவைத்தார். அன்று துடக்கு, இன்று ஆசாரம். மூலக்கூறு மட்டும் மாறவில்லை.

எங்கள் கரைகளுக்கும் ஒரு இயற்கைச் சாயம் இருந்தது: சாயவேர். நீலமல்ல, சிவப்பு. மன்னார் முதல் யாழ்ப்பாணத்துத் தீவுகள் வரை மணற்பாங்கான இடங்களில் தானாக வளரும் சிறு பூண்டு. நூல் போல மெல்லிய வேரை அறுபடாமல் கிண்டி எடுக்க வேண்டும். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் பெயர் வைத்த ஒல்லாந்தர் அந்த வேரைத் தங்கள் தனியுரிமை ஆக்கினார்கள். கிண்டும் வேலை குறிப்பிட்ட சாதியாரின் கட்டாயக் கடமை. அந்தச் சிவப்பில் ஒரு துளி கெமிக்கலும் இல்லை, இன்றைய கணக்குப்படி.

பீகாரின் சம்பாரணும் இயற்கை நீலத்தின் ஊர்தான். குடியானவன் தன் நிலத்தின் 20 பங்கில் 3 பங்கில் அவுரி விதைக்கவேண்டும் என்று தோட்டத் துரைமார் கட்டிவைத்திருந்தார்கள். ஆலை நீலம் வந்து விலை விழுந்ததும் அவனை விட்டார்களா? விடுவதற்குக் கூலியாகக் குத்தகையை ஏற்றினார்கள். 1917இல் காந்தி அங்கே போனதன் காரணம் இதுதான். இரசாயனம் அவனை மீட்கவில்லை. இயற்கை அவனைக் காக்கவுமில்லை.

துணிக்கு வருவோம். வண்ணார் வெளுத்துக் கொடுக்கும் மாத்து இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் துடக்குக் கழியாது. செத்த வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் அந்தத் துணி வேண்டியிருந்தது. வெளுத்த கைகளுக்கோ கோயில் கதவு சாத்தியிருந்தது. இதற்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது; அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மறியல் இருக்கவேண்டி வந்தது. துணி சுத்தம், கை அசுத்தம் என்பதை மூன்று தலைமுறை கேள்வி கேட்காமல் விழுங்கிய நாங்கள், இப்போது செடி சுத்தம், ஆலை அசுத்தம் என்கிறோம். விழுங்குகிற தொண்டை பழையதுதான்.

அவுரித் தொட்டியை வெறுப்பவன் அல்லன் நான். நுரையைப் பார்த்தும் மணத்தை முகர்ந்தும் பதம் சொல்கிற கண்ணும் மூக்கும் எந்தப் பட்டத்துக்கும் குறைந்தவை அல்ல. அந்தத் திறமைக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்க மட்டுமே எனக்கு ஆசை.

அதைத்தான் அவளிடம் கேட்டேன். சேலையின் சீட்டு இன்னும் கைப்பையில் இருந்தது, எடுத்துப் படித்தாள். செடியின் பெயர் இருந்தது, கைத்தறி என்று இருந்தது, விலை இருந்தது. திருப்பிப் பார்த்தாள்.

"சாயம் போட்ட ஆளைப் பற்றி ஒண்டும் இல்லை அண்ணை."

படகுக்காரர் ஏறச் சொல்லிக் கத்தினார்.